தபீதாள் அக்கா போடாத டிக்

மெர்வினுக்கு அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஜெராக்ஸ். கிண்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பதினாலு பேர் உட்கார்ந்து ஊரிலுள்ள கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் இடம் அது. சேர்ந்த புதிதில் ஒரு துணிக்கடையின் பக்கத்தைத் திருத்தப் போய், ஓடிக்கொண்டிருந்த கோப்பின் மேலேயே தன் கோப்பை ஏற்றிவிட்டான். பழையது போன இடம் தெரியவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் தொட்டாலும் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து, பக்கத்திலேயே 'ஓல்டு' என்று பெயர் வைத்துப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான்.

"டேய் ஜெராக்ஸ், ஜெரூஷாவுக்கும் ஒரு ஓல்டு எடுத்து வெச்சிருக்கியாடா?" என்று பக்கத்து நாற்காலிக்காரன் அவன் மனைவி பெயரைச் சொல்லிக் கேலி செய்வான். மெர்வினும் சிரித்துவைப்பான். ஜாக்கிரதையாக இருப்பவனை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்பது அவனுடைய கொள்கை. கோழைகளுக்கு மிகவும் வசதியான கொள்கை அது. ஆனால் மெர்வினைக் கோழை என்று அந்த நாளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவனும் அப்படி நினைக்கவில்லை. நல்ல பையன் என்றுதான் பெயர்.

அந்தப் பெயரை அவன் சம்பாதித்தது கிழக்குத் தாம்பரத்தில். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். படிக்கட்டில் 'அதிகாலை ஜெபக் குழு' என்று ஒரு தகரப் பலகை. கஷ்டத்தில் இருப்பவர்கள் தங்கள் கஷ்டத்தைக் கடிதமாக எழுதி அங்கே அனுப்புவார்கள். குழுவைச் சேர்ந்த நாற்பது ஐம்பது பேர் அந்த விண்ணப்பங்களைப் பங்கு போட்டுக்கொண்டு காலையில் எழுந்து ஜெபிப்பார்கள். காணிக்கை கேட்பதில்லை. கிறிஸ்தவர்கள்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. பஸ்ஸில் யாரோ நீட்டிய துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் எழுதினார்கள். குடிக்கிற கணவன், சொல்லாமல் போய்விட்ட மகள், டாக்டரிடம்கூடக் கூசிக் கூசிச் சொன்ன வியாதி. கூடப் பிறந்தவளிடம் மறைத்ததை இங்கே எழுதினார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் தெரியாது என்ற தைரியம்தான்.

குழுவை நடத்தியவர் யேசுதாசன், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அண்ணன். கடிதங்களைப் பிரித்தவர் தபீதாள் அக்கா. முன்பு பால்வாடி டீச்சராக இருந்தவர்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யேசுதாசன் அண்ணன் கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஐம்பத்திரண்டாவது வயதில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். வரும் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. ஒரு விரலால்தான் அடிப்பார். எந்த பட்டனுக்குப் பிறகு எந்த பட்டன் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதில் எட்டாவது வரி சிவப்பு மையில்: 'டிக் கட்டம். அனுமதி இல்லையென்றால் தொடவே கூடாது.'

அந்தக் கட்டம் மெர்வின் வைத்தது. தளமே அவன் செய்து கொடுத்ததுதான், ஊழியமாக, ஒரு பைசா வாங்காமல். 'எல்லோரும் ஜெபிக்கலாம்' என்று எழுதிய ஒரு சின்னக் கட்டம். எழுதியவர் சம்மதித்திருந்தால் அதில் டிக் போட வேண்டும். விண்ணப்பம் தளத்தின் பொதுப் பக்கத்தில் வரும். டிக் போடாவிட்டால் உள்ளேயே இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதிக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்தும் விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. மஸ்கட்டிலும் துபாயிலும் இருந்த இரண்டு சின்ன ஜெப ஐக்கியங்கள், தங்கள் தளத்தில் ஆட்கள் எழுதுவதை அப்படியே இங்கே அனுப்பிவைக்க வழி கேட்டன. மெர்வின் அதற்கு எக்ஸ்எம்எல்லைப் பிடித்தான். பெரிய வித்தையொன்றும் இல்லை. பெயரை ஓர் உறையில், ஊரை ஓர் உறையில், விண்ணப்பத்தை ஓர் உறையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி அனுப்பும் ஏற்பாடு. வந்த உறைகளைப் பிரித்துப் படிக்க, பிஹெச்பி என்ற கணினி மொழியில் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு கோப்பு இருந்தது. உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவனும் போட்டுக்கொண்டான்.

2005 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, அந்தக் கோப்பில் ஓட்டை இருக்கிறது என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வந்தது. உறைக்குள் இருப்பதை வெறும் எழுத்தாகப் படிக்க வேண்டிய கோப்பு, அதை பிஹெச்பி வரியோடு சேர்த்துத் தைத்து, 'இதைச் செய்' என்று கணினியிடம் கொடுத்துவிடுகிறதாம். நல்லவன் எழுதினால் பாதகமில்லை. கெட்டவன் ஒருவன் ஒரு மேற்கோள் குறியைச் சரியான இடத்தில் வைத்து, அதன் பின்னால் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் கணினி அதையும் செய்துவிடும். கடிதம் படிக்க உட்காரவைத்த குமாஸ்தா, 'எழுந்து போய் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடு' என்று கடிதத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, நிஜமாகவே எழுந்து போய் எடுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான் சங்கதி. கடவுச்சொல்லாவது மண்ணாவது, ஒன்றும் தேவையில்லை.

ஜெபக் குழுவின் தளத்திலும் அதே கோப்புதான் என்பது மெர்வினுக்கு உடனே நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் தாம்பரத்தில் ரயில் இறங்கி, மாடம்பாக்கத்து வீட்டுக்குப் போகாமல் நேரே மருந்துக்கடை மாடிக்கு ஏறினான். திருத்திய கோப்பை இறக்கினான். மாற்றுவதற்கு முன்னால், கை தானாகவே பழைய கோப்புகள் இருந்த இடத்தை முழுசாக நகலெடுத்து, அதே தளத்தில், பக்கத்திலேயே 'ஓல்டு' என்று வைத்தது. பிறகு புதியதை ஏற்றினான், இரண்டு தடவை சோதித்துப் பார்த்தான்.

"எல்லாம் சரியாயிடுச்சா தம்பி?" என்று கேட்டார் தபீதாள் அக்கா. அவனுக்காக டீ வாங்கிவரச் சொல்லியிருந்தார்.

"ஆயிடுச்சுக்கா. இனிமே ஒருத்தனும் உள்ள வர முடியாது."

நகலானாலும் அது ஓடக்கூடிய கோப்பு. தளத்துக்குள் இருக்கும்வரை, வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவும் எழுந்து வேலை செய்யும், பழைய ஓட்டையோடு. இது மெர்வினுக்குத் தெரியாததா? யாராவது கேட்டிருந்தால் அவனே விளக்கிச் சொல்லியிருப்பான். ஆனால் 'ஓல்டு' என்று பெயர் வைத்தால் அது பரணில் போட்ட சாமான் என்று அவன் புத்தியில் பதிந்துபோயிருந்தது. பரண் தெருவைப் பார்த்துத் திறந்திருப்பதை அவன் யோசிக்கவில்லை.

ஆறு மாதம் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மெர்வினும் அங்கே இருந்தபோது ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். முப்பதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, "தபீதாள் அக்கா யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்று எழுந்தார் அக்கா. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "ரமாவா? குன்றத்தூர் ரமாவா? வாம்மா, உட்காரு."

ரமா உட்காரவில்லை. கையிலிருந்த காகிதத்தை மேசைமேல் போட்டாள். மடித்து மடித்து நைந்துபோன காகிதம்.

அவளைப் பற்றி அந்த அறையில் அக்காவுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாள். கணவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான். டைபாய்டு என்று ஊருக்குச் சொன்னாள். எய்ட்ஸ் என்பது அவளுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் தெரியும். பிறகு அவளையும் சோதித்தார்கள், கிருமி இருந்தது. ஏழு வயது மகளுக்கு இல்லை. அதை ஓர் இன்லேண்டு கடிதத்தில் எழுதி, 'மாமியாருக்குக்கூடத் தெரியாது, என் பிள்ளை வளர்கிற வரைக்கும் எனக்கு உயிர் வேண்டும்' என்று முடித்திருந்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அக்கா அவளுக்குப் போன் செய்து ஜெபிப்பார்.

"உங்கள நம்பித்தானே எழுதுனேன்?" என்றாள் ரமா. "கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கிற பையன் கூகிள்ல கம்பெனி பேரைப் போட்டுத் தேடிக்கிறான். இது வந்துகீது. பேரு, ஊரு, வேலை பாக்கிற கம்பெனி, போன் நம்பர், எனக்கு இன்னா வியாதி, எல்லாம். அதைப் பிரிண்ட் எடுத்துக் கேன்டீன்ல குடுத்துட்டான். என் டம்ளரைத் தனியா எடுத்து வெச்சாங்க. பாத்ரூம் பக்கம் வராதேன்னாங்க. நேத்து மேனேஜர் கூப்ட்டு, நாளையிலிருந்து வராதம்மான்ட்டாரு. வூட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிகினு நிக்கிது. எம் பொண்ணு பக்கத்துல எந்தப் புள்ளையும் உட்கார மாட்டேங்குது. இன்னாக்கா பண்ணீங்க?"

தபீதாள் அக்கா காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தான் ஒரு விரலால் அடித்த எழுத்துகள்தான். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்ததை மெர்வின் பார்த்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லலையேம்மா."

"சொல்லாமதான் ஊருக்கே தெரிஞ்சிதா?"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து யேசுதாசன் அண்ணன் வந்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஜெபிக்கலாம் என்றார். ரமா அந்த வார்த்தையைக் கேட்டதும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். காகிதம் மேசையிலேயே கிடந்தது.

மெர்வின் அதை எடுத்தான். ரமாவின் விண்ணப்பத்துக்கு மேலேயும் கீழேயும் வேறு இருவருடைய விண்ணப்பங்கள் பாதி பாதியாக இருந்தன, போன் நம்பரோடு. பொதுப் பக்கத்தில் போன் நம்பர் வரவே வராது. அவன்தான் அப்படிச் செய்திருந்தான். ஆகவே இது டிக் போட்டு வந்ததல்ல. மொத்தப் பெட்டியையும் யாரோ கவிழ்த்திருக்கிறார்கள்.

கணினி முன்னால் உட்கார்ந்தான். தளத்துக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பின்னோக்கிப் போனான். நவம்பர் பதினாலாம் தேதி கிடைத்தது. எந்த தேசமோ, எவன் எழுதிவிட்ட நிரலோ, அது ஊர் ஊராகத் தளங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தது. பேக்கப், டெஸ்ட், ஓல்டு என்று உலகத்திலுள்ள மெர்வின்கள் எல்லாம் வைக்கும் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டிருந்தது. 'ஓல்டு' ஏனென்று கேட்டிருக்கிறது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்களும் ஒரே கோப்பாகி, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இடத்தில் விழுந்துவிட்டன. வந்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. உடைத்த தளங்களின் பட்டியலில் இதையும் இணைப்போடு சேர்த்து எங்கேயோ பெருமை அடித்துக்கொண்டு, அவன் தன் வழியே போய்விட்டான். அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கூகிள் வந்திருக்க வேண்டும்.

எல்லாம் தெரிந்துகொள்ள மெர்வினுக்கு அரை மணி நேரம் பிடித்தது. விண்ணப்பக் கோப்பை உடனே அழித்தான். 'ஓல்டு' நகலை முழுசாக அழித்தான். அது வரைக்கும் சரி, யாராக இருந்தாலும் செய்ய வேண்டியதுதான். பிறகு நவம்பர் மாதப் பதிவையும் அழித்தான். அதை அழிக்கத் தேவையே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நகல் எடுக்காமல் ஒன்றை அழித்தான்.

யேசுதாசன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என்ன மெர்வின், எப்படி வெளிய போச்சு?"

"பார்த்துட்டிருக்கேன்ணா."

"அக்கா அந்த டிக்கை எங்கயாவது தவறிப் போட்டிருப்பாங்களோ?"

அக்கா அந்த அறையிலேயே இருந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கலாம்ணா" என்றான்.

ஒரே ஒரு சொல். பச்சைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு பதவிசான சொல். அதைச் சொன்னபோது அப்போதைக்குத் தப்பித்தால் போதும், அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்து எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான்.

தபீதாள் அக்கா மறுக்கவில்லை என்பதுதான் கொடுமை. "அப்பவே எனக்குக் கண்ணு மங்கலா இருந்துச்சு அண்ணா" என்றார். "போட்டிருப்பேன். நான்தான் போட்டிருப்பேன்." ஒருவர் செய்யாத தப்பை இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். கணினி முன்னால் உட்காரும் வயசான மனுஷி எப்போதும் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். ஏதாவது நின்றுபோனால், ஏதாவது காணாமல்போனால், 'என்னத்த அமுக்கினீங்க?' என்றுதான் அவளிடம் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மெர்வினே பத்து முறை கேட்டிருக்கிறான்.

அடுத்த வாரம் அவன் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் அக்காவே கணினியை விட்டு எழுந்துகொண்டார். அந்த வேலைக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார், தரை கூட்டினார், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைத்தார். சத்தம் போட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் மன்னித்துவிட்டார்கள், ரொம்பப் பெருந்தன்மையாக. ஆனால் தங்கள் வீட்டு விஷயத்தை அவர் காதுபட மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தடவை இரண்டு பெண்கள் மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறி, அவரைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா துடைப்பத்தோடு ஒதுங்கி வழிவிட்டார். மெர்வின் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கு உறுத்தாமல் இல்லை. சோறு இறங்கவில்லை, ஜெரூஷா என்னவென்று கேட்டால் அலுவலகத்தில் வேலை அதிகம் என்றான். ஏப்ரலில் தாங்கமுடியாமல் யேசுதாசன் அண்ணனைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். உறை, கட்டளை, ஓல்டு, பதிவை அழித்தது வரைக்கும். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். புரிய வேண்டியது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"அப்ப ரமாவோடது மட்டும் இல்ல. மூவாயிரம் பேரோடதும் போயிருக்கு."

"ஆமாண்ணா."

"வேற யாராவது கேட்டு வந்தாங்களா?"

"இதுவரைக்கும் இல்லண்ணா."

அண்ணன் ஜன்னல் வழியாக வேளச்சேரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை வெளிய சொன்னா என்னாகும் யோசிச்சியா? மூவாயிரம் குடும்பம் பயப்படும். ஒருத்தரும் இனிமே எழுத மாட்டாங்க. இருபது வருஷ ஊழியம். அக்கா ஒரு ஆள், தாங்கிக்குவாங்க. அவங்களுக்குப் புள்ளையா குட்டியா?" பிறகு அவன் தோளில் கை வைத்தார். "நீ மனசாரச் சொல்லிட்ட. அது போதும். ஆண்டவர் பார்த்துக்குவார்."

மெர்வினுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பெரியவரே சொல்லிவிட்டார், இனி இது தன் தலையில் இல்லை. இறங்கி வந்து கீழே கடையில் ஒரு டீ குடித்தான், வடையும் தின்றான். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, அன்று அவனுக்கு நல்ல பசி.

மூவாயிரம் பேரில் எத்தனை பேருடைய காகிதம் எந்தக் கேன்டீனில் சுற்றியதோ, யார் கண்டது? வாய்விட்டுக் கேட்டு வந்தவள் ரமா ஒருத்திதான். அக்கா அவளைத் தேடிக் குன்றத்தூருக்கு இரண்டு முறை போனார். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை வீடு பூட்டியிருந்தது. அரக்கோணத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மாதம் ஒரு கடிதம் எழுதினார், மன்னிப்புக் கேட்டு. பதில் இல்லை.

டிசம்பரில் அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மெர்வினும் ஜெரூஷாவும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். ஜெரூஷா உள்ளே போய்ச் சமையலைப் பார்த்தாள். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நேத்து வந்துச்சு தம்பி. அரக்கோணம் முத்திரைன்னு போஸ்ட்மேன் சொன்னாரு. எனக்கு இன்னும் ஒரு வாரத்துக்குப் படிக்கக் கூடாதாம். வேற யார்கிட்டயும் குடுக்கத் தோணல. நீங்க படிங்க."

மெர்வின் பிரித்தான். சின்னக் கடிதம். வாய்விட்டுப் படித்தான்.

"அக்காவுக்கு, நீங்கள் எழுதியதெல்லாம் கிடைத்தது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். தம்பி மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பின்கட்டில் தனியாக வைத்திருக்கிறார்கள். மகளை என்னிடம் விடுவதில்லை. அவள் ஜன்னல் வழியாகப் பேசுகிறாள். உங்களை மன்னிக்க வேண்டும் என்று நானும் தினமும் முயற்சி செய்கிறேன். முடியவில்லை. இனிமேல் எழுதாதீர்கள். உங்கள் எழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வருகிறது. ரமா."

படித்து முடித்ததும் அக்கா தலையை ஆட்டினார். "நியாயந்தானே" என்றார். "அவ சொல்றது நியாயந்தானே தம்பி. நான் செஞ்சதுக்கு இதுகூட இல்லன்னா எப்படி?"

அந்த 'நியாயந்தானே'தான் மெர்வினை உடைத்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, நீங்க பண்ணல. நான் பண்ணேன்" என்றான். விம்மி விம்மிச் சொன்னான். ஓட்டையுள்ள பழைய கோப்பைத் தான் அங்கேயே விட்டதை, எவனோ அதன் வழியாக வந்ததை, அதைப் பார்த்துவிட்டே 'இருக்கலாம்' என்று சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னான். சமையல் கட்டு வாசலில் ஜெரூஷா கரண்டியோடு வந்து நின்றாள்.

அக்கா கறுப்புக் கண்ணாடி வழியாக அவன் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் தடவி, அவன் தலையைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

"உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார்.

"இல்லக்கா, நிஜமாத்தான்."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா? அப்படி இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்களே. ஒரு வருஷம் என்னை இப்படிப் பார்த்துகிட்டு சும்மா இருப்பீங்களா? நீங்க அப்படிப்பட்ட ஆளா?"

 காட்டுவதற்கு மெர்வினிடம் என்ன இருக்கிறது? பதிவு இல்லை, ஓல்டு இல்லை, எல்லாவற்றையும் அவனே துடைத்தாயிற்று. "அண்ணனைக் கேளுங்கக்கா, அவருக்குத் தெரியும்" என்றான்.

"கேக்கிறேன், கேக்கிறேன். அழாதீங்க" என்றார் அக்கா, குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில்.

திரும்பும்போது பைக்கில் ஜெரூஷா அவன் முதுகைத் தொடாமல் உட்கார்ந்து வந்தாள். அவள் நம்பிவிட்டாள். சேலையூர் ஏரிக்கரை வந்ததும், "ஒரு வருஷமா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

அக்கா அண்ணனைக் கேட்டிருக்கிறார். அண்ணன் என்ன சொன்னார் என்பது வருஷக் கடைசிக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அவரவர் எழுந்து அந்த வருஷத்துக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொல்வது வழக்கம். தபீதாள் அக்கா வெகுநாளைக்குப் பிறகு எழுந்து நின்றார். அறை நிறைய ஜனம்.

"இந்த வருஷம் என்னால ஒரு பொண்ணு வாழ்க்கை அழிஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார். "அது என் தலையெழுத்தா நான் சுமக்கிறேன். ஆனா ஆண்டவர் எனக்கு ஒரு தம்பியக் காட்டினாரு. நான் அழுறதப் பொறுக்காம, நான் செஞ்ச தப்பத் தான் செஞ்சதாச் சொல்லி, என் முன்னால உட்கார்ந்து அழுதாரு. அண்ணன்கிட்ட கேட்டேன். ஆமாம்மா, அவனுக்கு அவ்வளவு பெரிய மனசுன்னு அண்ணனே சொன்னாரு. மெர்வின் தம்பிக்காக நான் ஸ்தோத்திரம் செலுத்துறேன்."

முதலில் 'ஆமென்' சொன்னவர் யேசுதாசன் அண்ணன். பிறகு அறை முழுக்கச் சொன்னது. பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டி மெர்வின் தோளைத் தட்டினார்கள். ஜெரூஷா எழுந்து, குனிந்து வழி கேட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டாள். மெர்வின் எழுந்து நின்று இல்லையென்று சொல்லப் பார்த்தான். அத்தனை முகமும் அவனைப் பார்த்து ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தது. அவன் மறுபடி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். என்ன அடக்கம் பாருங்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.